டப்ஸ்டெப் பிறந்த தெருக்களில் ஐந்து நாட்கள்

முதல் நாள்: சர்ரே தெரு

அண்ணன் வீடு தெற்கு லண்டனில் நார்பரியில் இருக்கிறது. அங்கிருந்து 109ஆம் எண் பேருந்தில் ஏறினால், லண்டன் சாலையின் தமிழ்ப் பலசரக்குக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே குரோய்டன் போய்ச் சேரலாம். பெரியம்மா மகனான இந்த அண்ணன் இருபது ஆண்டுகளாகக் காய்கறி வாங்கப் போய்வரும் சர்ரே தெருவைப் பார்ப்பதற்காகத்தான் மதுரையிலிருந்து வந்திருக்கிறேன் என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. “அங்க என்னடா இருக்கு, வெண்டைக்காயும் கொத்தமல்லியும் தவிர?” என்று கேட்டார். டப்ஸ்டெப் என்னும் மின்னணு இசை அந்தத் தெருவில்தான் உருவெடுத்தது என்று சொல்லி, கைப்பேசியில் ஒரு பாடலைப் போட்டுக் காட்டினேன். ஒரு நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுல ஒண்ணுமே இல்லையேடா” என்றார். அவர் சொன்னது சரிதான். அந்தப் பாடலைத் தாங்கி நிற்கும் தாழ்ந்த ஒலி கைப்பேசியின் சின்னஞ்சிறு ஒலிபெருக்கியில் வெளிவருவதே இல்லை. மேலே மிதக்கும் நுரை மட்டுமே காதில் விழுகிறது. ஒலியமைப்பையே தொழிலாகக் கொண்டவனாக இருந்தும், பல ஆண்டுகளாக நானும் அந்த நுரையைத்தான் டப்ஸ்டெப் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

சர்ரே தெருச் சந்தை 13ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவருகிறது. சரிவான, குறுகலான தெரு. தக்காளியையும் குடைமிளகாயையும் கிண்ணம் கிண்ணமாகக் குவித்துவைத்து, கிண்ணம் இத்தனை பவுண்டு என்று கூவி விற்கிறார்கள். இந்தக் கூச்சலுக்கு நடுவே பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடை 2004 வரை இருந்தது. ஹவுஸ், கராஜ், ஜங்கிள் ஆகிய நடன இசை வகைகளின் தட்டுகள் அங்கே விற்கப்பட்டன. ஆர்ட்வொர்க் என்ற பெயரில் இசையமைத்த ஆர்தர் ஸ்மித்தின் ஒலிப்பதிவு அறை மாடியில் இருந்தது. கீழே விற்பனை மேசையில் ஹாட்சா என்ற டி.ஜே. நின்றார். ஸ்க்ரீம் என்று பின்னாளில் உலகம் அறிந்த ஆலிவர் ஜோன்ஸ் பள்ளிப் பருவத்திலேயே அங்கு வேலை பார்த்தார். அவரைப் போலவே 1986இல் பிறந்த பெங்காவும், பக்கத்து ஊரான சவுத் நார்வுட்டைச் சேர்ந்த மாலா, கோகி, லோஃபா ஆகியோரும் அந்தக் கடைக்கு வந்துபோனவர்கள்.

அப்போது லண்டனில் கொடிகட்டிப் பறந்தது யு.கே. கராஜ். இனிமையான குரல், மெருகான மெட்டு, நன்றாக உடுத்திக்கொண்டு போக வேண்டிய விடுதிகள் என்று அது 1990களின் கடைசியில் விற்பனைப் பட்டியல்களின் உச்சிக்கே ஏறிவிட்டது. அதே கராஜுக்குள் இருந்துகொண்டே எல்-பி, செட் பயஸ், ஓரிஸ் ஜே, ஹார்ஸ்பவர் புரொடக்‌ஷன்ஸ் போன்றவர்கள் பாடும் குரலை எடுத்துவிட்டு, தாளத்தையும் பாஸ் என்னும் தாழ்ந்த ஒலியையும் மட்டும் வைத்து இருண்ட, ஈரமான ஓர் இசையைச் செய்தார்கள். ஹாட்சா இந்தத் தட்டுகளைத் தேடித் தேடி வாசித்தார். கடைக்கு வரும் பையன்கள் செய்துகொண்டுவரும் பாடல்களில் எது தமக்கு வேண்டும், எது வேண்டாம் என்று அவர் பொறுக்கியெடுத்த விதமே அந்தப் பையன்களின் போக்கைத் தீர்மானித்தது. அவர்களிடம் விலையுயர்ந்த கருவிகள் இல்லை. வீட்டுக் கணினியில் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற மென்பொருள் இருந்தது, அவ்வளவுதான்.

ஏன் குரோய்டன் என்ற கேள்வியோடு மாலை முழுவதும் நடந்தேன். 1960களில் எழும்பிய அலுவலகக் கோபுரங்கள், மேம்பாலம், அதன் அடியில் காற்று ஊதும் சுரங்கப்பாதைகள் என்று, லண்டனாகவும் இல்லாமல் கிராமமாகவும் இல்லாமல் நிற்கிற ஊர் இது. பதினைந்து வயதுப் பையனுக்கு நகர நடுவின் விடுதிகளில் வயது காரணமாகவே இடமில்லை. ஆகவே கடையே விடுதியாயிற்று. ஒருவர் செய்த பாடலைப் பத்துப் பேர் அங்கேயே நின்று கேட்டார்கள், அடுத்த வாரம் அதற்கு மறுமொழியாக இன்னொன்று வந்தது. புதிய இசைக்கு வேண்டியது பெரிய கூட்டமன்று; ஒருவர் வேலையை ஒருவர் உடனுக்குடன் கேட்கக்கூடிய சிறு வட்டம்தான் என்று அந்தச் சரிவில் நின்றபோது எனக்குத் தோன்றியது. அண்ணன் கொடுத்தனுப்பிய பையில் வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

இரண்டாம் நாள்: பிரிக்ஸ்டன்

அதே 109ஆம் எண் பேருந்து எதிர்த் திசையில் பிரிக்ஸ்டனுக்குப் போகிறது. இறங்கியதும் விண்ட்ரஷ் சதுக்கம். 1948ஆம் ஆண்டு ஜூன் மாதம் எம்பயர் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்களில் இருநூற்றுக்கும் மேற்பட்டோரை கிளாப்பம் சவுத் சுரங்கப் பதுங்கறையில் தங்கவைத்தார்கள். அங்கிருந்து நடக்கும் தொலைவில் வேலைவாய்ப்பு அலுவலகம் இருந்த இடம் பிரிக்ஸ்டன். அதனால் பலர் இங்கேயே வேரூன்றினார்கள். அவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கொண்டுவந்த வழக்கங்களில் ஒன்று சவுண்ட் சிஸ்டம்.

அந்தச் சொல்லை ஒலிபெருக்கி என்று பெயர்த்துவிட்டால் பாதிப் பொருள் போய்விடும். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் 1950களில், மேடைக் கச்சேரிக்குக் காசு கொடுக்க முடியாதவர்களுக்காக, தட்டுச் சுழலியையும் ஆம்பிளிஃபையரையும் ஆளுயரப் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிப்போய்த் தெருவோரத்தில் நடனம் நடத்திய குழுவுக்கே அந்தப் பெயர். கருவி, அதைக் கட்டியவர், தட்டைத் தேர்பவர், ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசுபவர் ஆகிய எல்லோரும் சேர்ந்ததுதான் சவுண்ட் சிஸ்டம். எனக்கு இது அந்நியமானதே அல்ல. என் அப்பா மைக் செட் வைத்திருந்தார். திருவிழாவுக்கு முதல்நாளே போய்ப் பனைமரத்தில் குழாய் கட்டி, இசைத்தட்டு போட்டு ஊரை எழுப்பிய குடும்பத்தில் பிறந்தவன் நான். ஆனால் எங்கள் குழாய் ஒலிபெருக்கி ஒலியைத் தொலைவுக்கு அனுப்புவதற்கென்றே ஆனது. நான்கு வயல் தாண்டியும் குரல் கேட்கும், ஆனால் தாழ்ந்த சுருதி அதன் தொண்டைக்குள் நுழையாது. ஜமைக்காக்காரர்கள் தொலைவை விட்டுவிட்டார்கள். முன்னால் நிற்பவரின் உடம்பில் படுகிற பாஸை நாடி, பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டே போனார்கள். ஒரே காலத்தில் இரண்டு ஏழை நாடுகளில் ஒரே கருவியை வைத்துக்கொண்டு இருவேறு முடிவுகளுக்குப் போயிருக்கிறோம் என்பதை நினைத்தபடி அந்தச் சதுக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாஸுக்காகக் கட்டிய பெட்டி இசையையும் மாற்றியது. மின்கருவிகளைப் பழுதுபார்த்துப் பிழைத்த கிங் டப்பி, 1970களின் தொடக்கத்தில், பதிவான ஜமைக்காவின் ரெகே பாடல்களிலிருந்து குரலையும் கிட்டாரையும் இறக்கிவிட்டு, டிரம்ஸையும் பாஸையும் மட்டும் விட்டுவைத்து, இடையிடையே எதிரொலியில் தோய்ந்த ஒரு சொல்லைத் தூக்கிப்போட்டு மறைத்தார். அதுவே டப். எடுத்துவிடுவதன் மூலம் ஒன்றை உண்டாக்கும் இந்த முறை, ஜா ஷாக்கா போன்றோரின் சவுண்ட் சிஸ்டங்கள் வழியாகத் தெற்கு லண்டனில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பழகிய ஒன்று. டப்ஸ்டெப் என்ற பெயரின் முதற்பாதி அலங்காரத்துக்காகச் சேர்த்ததன்று.

சதுக்கத்துக்கு எதிரே செயின்ட் மேத்யூ தேவாலயம் தூண்களோடு நிற்கிறது. 1824இல் திறக்கப்பட்டது. அதற்குள் மாஸ் என்ற நடனக்கூடம் இருந்தது, இப்போது இல்லை. மாலா, கோகி, லோஃபா ஆகியோர் 2005 மார்ச்சில் டி.எம்.இசட். என்ற இரவு நிகழ்ச்சியை இந்தக் கட்டடத்தின் சிறிய அரங்கில் தொடங்கினார்கள். ஓராண்டு நிறைவுக்கு வந்த கூட்டம் வாசலைத் தாண்டி நீண்டதால், இருந்தாற்போல் எல்லோரையும் பெரிய கூடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. பாஸின் எடையைத் தியானிக்க வாருங்கள் என்பதுதான் அவர்களுடைய அழைப்பு. தேவாலயப் படியில் நின்றுகொண்டு அதைச் சொல்லிப் பார்த்தேன். எடை என்ற சொல்லை அவர்கள் சும்மா போடவில்லை.

மூன்றாம் நாள்: கையில் ஒரு டப்பிளேட்

வெஸ்ட் குரோய்டனிலிருந்து புறப்படும் ரயில் தடத்துக்கு 2024இல் விண்ட்ரஷ் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். சவுத் நார்வுட்டுக்கான நார்வுட் ஜங்ஷன், ஃபாரஸ்ட் ஹில், நியூ கிராஸ் கேட், பிறகு ஆற்றைக் கடந்து ஷோர்டிச் என்று, இந்த இசையின் வரலாற்றை அந்த ஒரே தடம் வரிசையாகத் தைத்துக்கொண்டு போகிறது.

ஃபாரஸ்ட் ஹில்லில் ஜேசன் கோஸ் நடத்திய டிரான்சிஷன் என்ற ஒலித்தட்டு வெட்டும் நிலையத்தில்தான் ஆரம்பகால டப்ஸ்டெப் பாடல்கள் பெரும்பாலும் தட்டில் ஏறின. இசையமைத்தவர் பாடலைக் கொண்டுவந்தால், அதைச் சமன்செய்து, ஒரே ஒரு பிரதியாக வெட்டிக் கொடுப்பார்கள். அந்த ஒற்றைப் பிரதிதான் டப்பிளேட். கடைக்கு வருவதற்கு மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ முன்பே, அது ஒரு டி.ஜே.யின் பெட்டியில் மட்டும் இருக்கும். கேட்க வேண்டுமானால் அவர் வாசிக்கும் இடத்துக்குப் போயாக வேண்டும்.

அந்தத் தடத்திலேயே ஓர் ஊரில், பழைய தட்டுகள் விற்கும் சிறு கடையில், நான் வந்த காரணத்தைக் கேட்டறிந்த முதியவர் உள்ளே போய் ஒரு டப்பிளேட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். பத்து அங்குலம். சாதாரண வினைல் என்று நினைத்துப் பிடித்த கை சற்றே தாழ்ந்தது. நடுவில் இருப்பது அலுமினியத் தகடு. அதன்மேல் பூசிய அரக்குப் பூச்சில்தான் பள்ளம் வெட்டுகிறார்கள். விளிம்பு உலோகத்துக்கேயுரிய குளிர்ச்சியோடு இருந்தது. நகத்தால் தட்டினால் எவர்சில்வர் தட்டைத் துணி சுற்றித் தட்டியதுபோல ஓர் ஓசை. நடுவிலிருந்த வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிய பெயர் வியர்வை பட்டுக் கலைந்திருந்தது. அவர் உருப்பெருக்கிக் கண்ணாடியை நீட்டினார். உயர்ந்த ஒலிகள் பள்ளத்தின் சுவரில் மணல் துகள் போலச் சிணுங்கிக் கிடக்க, பாஸ் வரும் இடத்தில் பள்ளம் முழுவதுமே ஆறு வளைவதுபோல வளைந்து வளைந்து போயிற்று. கேட்பதற்கு முன்பே பாஸை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அந்த வளைவுதான் சிக்கலும். பாஸுக்குத் தட்டில் அகலமான இடம் வேண்டும். வளைவு மிஞ்சினால் ஒரு பள்ளம் அடுத்ததை முட்டும். ஆகவே வெட்டும்போது பாஸைக் குறைத்து, ஒலிக்கும்போது ஆம்பிளிஃபையரில் அதே அளவுக்கு ஏற்றிக்கொள்ளும் முறை எல்லாத் தட்டுகளுக்கும் உண்டு. ஆழ்ந்த பாஸை இடம், வலம் என்று பிரிக்காமல் நடுவில் ஒன்றாக வைத்தால்தான் ஊசி துள்ளாது. 12 அங்குலத் தட்டில் பக்கத்துக்கு ஒரே பாடலை வெட்டுவதும் பாஸுக்குத் தாராளமாக இடம் கிடைக்கத்தான். இவ்வளவு கவனம் எடுத்தாலும் அரக்கு மென்மையானது; சில பத்து முறை ஊசி ஓடினால் மேல் சுருதிகள் தேய்ந்து, புகை படிந்ததுபோல இரைச்சல் ஏறிவிடும். முதியவர் ஒரு பக்கத்தை எனக்காக ஓட்டினார். ஒலிக்குப் பதிலாக அதன் முதுமையைத்தான் அதிகம் கேட்டேன். ஆனால் அதற்குக் கீழே பாஸ் மட்டும் கலங்காமல் இருந்தது. இரண்டாம் பக்கத்தை ஓட்டச் சொல்லிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நான்காம் நாள்: ஷோர்டிச்

இன்று பார்க்கப் போன இடத்தில் ஒன்றும் மிச்சமில்லை. கர்ட்டன் சாலையில் பிளாஸ்டிக் பீப்பிள் என்ற நிலவறை விடுதி 2015 ஜனவரியில் மூடப்பட்டுவிட்டது. 2001இல் சோஹோவில் தொடங்கிய ஃபார்வர்ட் என்ற இரவு நிகழ்ச்சி பிறகு இங்கே மாறிவந்து வேர்பிடித்தது. சில நூறு பேரே கொள்ளும் அறை, ஏறக்குறைய முழு இருட்டு, அளவுக்கு மீறிய தரத்தில் ஒரு ஸ்பீக்கர் தொகுதி. பார்க்க ஒன்றும் இல்லாத அந்த அறைக்காகவே பையன்கள் பாடல் செய்தார்கள். வாரம் முழுவதும் வீட்டில் சின்ன ஸ்பீக்கரில் செய்து, அங்கே கொண்டுபோய் வைத்துக் கேட்டபிறகுதான், எது வேலை செய்தது என்று தெரியும்.

அறைக்கு வர முடியாதவர்களுக்கு ரின்ஸ் எஃப்.எம். இருந்தது. 1994இல் உரிமமின்றித் தொடங்கி, அடுக்குமாடிகளின் மொட்டைமாடியில் ஆன்டெனா நட்டு ஒலிபரப்பிய அந்த நிலையம் 2010இல்தான் முறையான உரிமம் பெற்றது. டப்ஸ்டெப் என்ற பெயர் 2002 வாக்கில் புழக்கத்துக்கு வந்தது. ஸ்க்ரீமின் ‘மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்’ 2005இல் வெளிவந்து, கராஜ் கேட்காதவர்களையும் திரும்பிப் பார்க்கவைத்தது. 2006 ஜனவரியில் பி.பி.சி. ரேடியோ 1இல் மேரி ஆன் ஹாப்ஸ் இந்த இசையமைப்பாளர்களை ஒன்றாக உட்காரவைத்து ஒரு முழு நிகழ்ச்சி நடத்தியபிறகு, குரோய்டனின் கடை வாசல் உலகத்தின் வாசலாயிற்று.

அதன்பின் நடந்தது பலருக்கும் தெரிந்ததே. பாஸின் மேல் ஒரு வடிகட்டியை வைத்து, மெதுவாக ஆடும் இன்னோர் அலையால் அந்த வடிகட்டியைத் திறந்து மூடினால், வாவ் வாவ் என்று பாஸ் தள்ளாடும். வாபிள் என்பது அதுதான். தெற்கு லண்டனில் அது அடியாழத்தில் உருண்டுகொண்டிருந்தது. 2010க்குப் பிறகு ஸ்க்ரிலெக்ஸ் போன்ற அமெரிக்கர்கள் அதை நடுச் சுருதிக்கு ஏற்றி, இரும்பு கிழிவதுபோல உறுமவைத்தார்கள். மடிக்கணினியிலும் திறந்தவெளித் திருவிழாவிலும் அது நன்றாகக் கேட்டது; அதனால்தான் உலகெங்கும் பரவியது. அவர்களுடைய திறமையை நான் மறுக்கவில்லை. ஆனால் உடம்பின் இசை காதின் இசையாக மாறிய இடம் அது என்பதில் எனக்கு ஐயமில்லை. என்னைப் போன்றோர் டப்ஸ்டெப் என்று முதலில் கேட்டது அதைத்தான். மூலத்தைத் தேடிவர இத்தனை ஆண்டுகள் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஐந்தாம் நாள்: இரவு

தெற்கு லண்டனில் ரயில் பாலத்தின் அடியில் உள்ள ஒரு வளைவுக் கூடத்தில் சவுண்ட் சிஸ்டம் இரவு நடப்பதாக அறிந்து, அண்ணனையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். வாசலிலேயே காதடைப்பான் கொடுத்தார்கள். உள்ளே இரண்டு மூலைகளில், கையால் செய்த மரப்பெட்டிகள் என் தலைக்கு மேல் இரண்டு முழம் எழும்பி நின்றன. அடியில் இருந்தவற்றில் பாஸுக்கான 18 அங்குல ஊஃபர் ஒலிபெருக்கிகள். பின்னால் போய்ச் சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஆணிக்குப் பதில் பசையும் திருகும். ஒரு மூட்டுகூட அதிர்ந்து கடகடக்கவில்லை. இந்தத் தொழில் தெரிந்தவனுக்கு அது என்ன உழைப்பு என்று தெரியும்.

முதல் பாடல் தொடங்கியபோது வெறும் ஹை-ஹேட் என்னும் தாளத்தட்டும் தொலைவில் ஓர் எதிரொலியும்தான். டப்ஸ்டெப்பின் வேகம் நிமிடத்துக்கு 140 தாள அடி அளவில் இருக்கும். ஆனால் நான்கு அடிகள் கொண்ட சுற்றில் கிக் என்ற பெரிய டிரம் முதல் அடியிலும் ஸ்னேர் என்ற சிறிய டிரம் மூன்றாம் அடியிலும் மட்டும் விழுவதால், உடம்பு அதை 70 என்று எடுத்துக்கொள்கிறது. ஹாஃப்-ஸ்டெப் என்ற இந்த நடையை முன்னெடுத்தவர்களில் லோஃபா முக்கியமானவர். ஒரு ஸ்னேருக்கும் அடுத்த ஸ்னேருக்கும் இடையே ஏறக்குறைய 1.7 நொடி. தாளில் அது சிறு எண். இருட்டில் நின்றால் ஒரு முழு அறை. கராஜிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு அந்தப் பையன்கள் உண்டாக்கிய வெற்றிடம் எதற்கென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. பாஸ் வந்து நிற்பதற்கு இடம் வேண்டும்.

பாஸ் வந்தது. முதலில் காதில் அன்று, கால்சட்டையில். முழங்காலுக்குக் கீழே துணி படபடத்தது. பிறகு மூக்கு நுனியில் அரிப்பு, பிறகு தொண்டைக் குழியில், நான் பேசாமலே யாரோ என் குரலில் முனகுவதுபோல ஓர் அதிர்வு. கையிலிருந்த தண்ணீர்க் குவளையில் வட்டம் வட்டமாகச் சுருக்கங்கள் எழுந்து அசையாமல் நின்றன. இவ்வளவு நடந்தும் காது வலிக்கவில்லை; பக்கத்திலிருந்த பெண் தோழியிடம் பேசியதுகூடக் கேட்டது. மனிதக் காது ஆழ்ந்த ஒலிக்கு மந்தமானது. அதே சத்தமாகத் தோன்றுவதற்கு அங்கே பலமடங்கு ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றல் காதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் போய்த் தொடுகிறது.

தொழில் புத்தி விடவில்லை. கூடத்தில் நடந்து பார்த்தேன். 43 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை ஏறத்தாழ 8 மீட்டர் நீளம். சுவரில் மோதித் திரும்பும் அலையும் எதிரே வரும் அலையும் கூடும் இடத்தில் பாஸ் இரட்டிக்கும், ஒன்றையொன்று அழிக்கும் இடத்தில் காணாமல் போகும். பின்சுவரில் முதுகை வைத்தபோது செங்கல்லே முனகியது. அங்கிருந்து இரண்டு மீட்டர் முன்னால் வந்தேன்; கதவைச் சாத்தியதுபோல எல்லாம் வற்றி, ஹை-ஹேட் மட்டும் அநாதையாக அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் கைப்பேசியில் கேட்ட பாடல் இதுதான். இன்னும் இரண்டு எட்டு வைத்ததும் பாஸ் மறுபடி என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. ஒரே பாடலுக்குள் அப்படி நான்கைந்து முறை வெளியே போய் உள்ளே வந்தேன்.

நள்ளிரவுக்குப் பின் ஒரு பாடலின் பாஸ் இறங்கிய கணத்தில் கூட்டம் கையை உயர்த்திச் சுவரைத் தட்டியது. டி.ஜே. தட்டைப் பின்னோக்கிச் சுழற்றி நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கினார். ஜமைக்கா நடனங்களிலிருந்து வந்த வழக்கம் இது. எங்கள் ஊர்க் கச்சேரியில் ஒன்ஸ்மோர் கேட்பதுபோல. இரண்டாம் முறை அதே இடம் நெருங்கியபோது திரும்பிப் பார்த்தேன். ஓரமாக நின்றிருந்த அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு, வலது உள்ளங்கையை நெஞ்சில் வைத்திருந்தார்.

இரவுப் பேருந்தில் மேல்தளத்தில் உட்கார்ந்தோம். இருவருக்கும் பேசத் தோன்றவில்லை. ஸ்ட்ரெதமில் ஒரு நிறுத்தத்தில் ஓட்டுநர் நேரம் பார்த்து வண்டியை நிறுத்திவைத்தார். இயந்திரம் மெதுவாக ஓடிக்கொண்டிருந்ததால் சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணன் அதன்மேல் கையை வைத்தார். “தினமும் இந்த பஸ்லதான்டா போறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, வண்டி மறுபடி நகரும் வரை கையை எடுக்காமலிருந்தார்.